வேண்டிய சீட்டை எவனும் பார்க்க மாட்டான்

வியாகுலம் காசு வைத்துச் சீட்டாட மாட்டான். துண்டின்மேல் காசு விழுந்ததுமே எல்லா மூஞ்சியும் ஒரே மூஞ்சியாகிவிடும், அப்புறம் படிக்க என்ன இருக்கிறது என்பான். தோற்றவன் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போய் டீ வாங்கி வரவேண்டும், அவ்வளவுதான் பந்தயம். மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வடக்கே தண்டவாளம் தாண்டிப் போனால் வருகிற அந்தச் சின்ன ஊரில், டீ வாங்கப் போகாத ஒரே ஆள் அவன்தான் என்று பேர்.

ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனவன். கொஞ்ச காலம் ஸ்டேஷனில் புளி மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனான். வேகன் வரும்வரைக்கும் மூட்டைக்காரர்கள் ரம்மி ஆடுவார்கள். புதுப்பையன் என்று இவனை ஆட்டத்தில் சேர்க்கவில்லை. சீட்டையும் பார்க்க விடவில்லை. பார்ப்பதற்கு மூஞ்சி மட்டும்தான் மிச்சமிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தான். ஒருத்தன் நல்ல கை வந்தால் பீடியை அணைத்துவிடுவான். இன்னொருத்தன் கெட்ட கை வந்தால் பாட்டு முணுமுணுப்பான். எல்லாருக்கும் பொதுவாக ஒன்றை அவன் கண்டுபிடித்து வைத்திருந்தான். தனக்கு வேண்டிய சீட்டு கீழே விழுந்தால், விழுந்த அந்த ஒரு நொடி, எவனும் அதைப் பார்க்க மாட்டான். ஆகாசத்தைப் பார்ப்பான், வேகன் வருகிறதா என்று பார்ப்பான், பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பான். எதைப் பார்க்காமல் தவிர்க்கிறானோ அதுதான் அவனுக்கு வேண்டியது.

அப்பன் செத்த பிறகு வயலுக்குத் திரும்பினான். ஆட்டம் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிணற்று மோட்டார் ரூமில் துண்டு விரிப்பார்கள். அவன் வாயாலேயே சீட்டுப் போடுவான். கையில் உள்ளதைத் தடவிக்கொண்டே, "ஏழப் போடறதா, ராணியப் போடறதா" என்று தனக்குள் பேசுவதுபோல் முனகுவான். எதிரில் இருப்பவனின் கண் எந்தப் பேருக்கு அசைகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் போடுவான்.

"உங்கிட்ட ஆடறதுக்கு மூஞ்சிய வூட்டுல கழட்டி வெச்சிட்டு வரணும்பா" என்பான் மாரியப்பன். பக்கத்து வயல்காரன். டீ வாங்கப் போனதில் அவன் செருப்புத்தான் அதிகம் தேய்ந்தது.

கிணறு வியாகுலத்துக்கும் சித்தப்பா மகன் இன்னாசிராஜுக்கும் பொது. வயலும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்ததுதான், நடுவில் வரப்புப் போட்டுப் பிரித்தது. இன்னாசிராஜ் இவனைவிட ஆறேழு வயது சின்னவன். நல்ல உழைப்பாளி, நல்ல பேச்சுக்காரன். அவனிடம் பயப்படவேண்டியது ஒரே ஒரு குணத்துக்குத்தான். சந்தேகம் ஒன்று அவன் மனசில் விழுந்துவிட்டால் வேர் வரைக்கும் தோண்டாமல் விடமாட்டான். ஒரு வருசம் இரண்டு குடும்பமும் கூட்டாகக் கடலை போட்டது. பங்கு பிரித்தபோது தன் மூட்டை இளைத்துத் தெரிந்தது அவனுக்கு. வியாகுலத்திடம் கேட்டான். அங்கே ஒன்றும் பெயரவில்லை என்றதும் பொண்டாட்டி மதலேனம்மாள் பக்கம் திரும்பினான். அம்மா வீட்டுக்கு முடிந்து அனுப்பினாயா என்று கேட்டு, மாதா சுரூபத்தின்மேல் கையை வைக்கச் சொல்லி சத்தியம் வாங்கினான். ஒரு தடவை அல்ல. அந்த மாசம் முழுக்க, நினைப்பு வந்தபோதெல்லாம் வாங்கினான். அவள் சோறு போடும்போதும் கை நடுங்கியது என்று வியாகுலத்தின் மனைவி இன்னாசியம்மாள் வந்து சொன்னாள்.

"நீங்க பெரியவங்கதானே, கூப்ட்டு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"புருசன் பொஞ்சாதி வெவகாரத்துல மூத்தார் எப்பிடிம்மா நொழையறது" என்று சொல்லிவிட்டான் வியாகுலம்.

அந்த ஊரில் அது பெரிய விஷயம். தம்பி பொண்டாட்டி மூத்தாருக்கு நேர் நிற்க மாட்டாள். எதிரில் வந்தால் ஒதுங்கி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். அவனும் தரையைப் பார்த்துக்கொண்டு போய்விட வேண்டும். மதலேனம்மாள் வாழ வந்து இத்தனை வருசத்தில் அவள் முகத்தை வியாகுலம் முழுசாகப் பார்த்ததில்லை. ஊர் மூஞ்சியெல்லாம் படித்தவனுக்கு அந்த ஒரு மூஞ்சி படிக்கக் கிடைக்காதது.

எண்பத்திரண்டில் ஐப்பசி மழை பொய்த்தது. இரண்டு வயலிலும் மஞ்சள். மாசியில் வெட்டவேண்டியது, கிழங்கு பருக்கிற நேரம். கிணற்றில் ராத்திரி ஊறுகிற தண்ணீர், மோட்டார் போட்டால், ஒரு வயலின் பாதிக்குத்தான் எட்டியது. ஆளுக்கு ஒரு நாள் என்று மாற்றி மாற்றி இறைத்துப் பார்த்தார்கள். இரண்டு வயலும் சேர்ந்து வாடியது.

"ஒரு வயலக் காப்பாத்துங்கப்பா" என்றான் மாரியப்பன். "வெளஞ்சத ரெண்டு பங்காப் போட்டுக்கங்க. இதுல என்னா இருக்குது?"

"பங்கா?" என்று சிரித்தான் இன்னாசிராஜ். "கடலையில போட்ட பங்கு போதும்."

"அப்ப கோயில்ல சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுங்க. சாமியார் எடுத்துக் குடுப்பாரு."

"குலுக்கல்ல தோத்தா சாமியத் திட்டணும். எனக்கு அந்தப் பாவம் வேணாம். ஆடியே முடிச்சிக்கலாம்ணா." வியாகுலத்தைப் பார்த்துத்தான் சொன்னான். "மூணு ஆட்டம். ரெண்டு ஜெயிச்சவனுக்குத் தண்ணி. தோத்தவன் மோட்டார் ரூம் பக்கமே வரக்கூடாது."

வேறு யாராவது இருந்தால் வேண்டாம் என்றிருப்பார்கள். வியாகுலத்துக்கும் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் தம்பி தானாக வந்து கேட்கிறான், அதுவும் தன்னிடம், சீட்டில். எதிராளியின் பலவீனம் தெரிந்து வைத்திருக்கிறவனுக்கு அவனே ஆட்டத்துக்குக் கூப்பிடும்போது வேண்டாம் என்று சொல்ல மனசு வருமா? இன்னாசிராஜ் ஒரு சீட்டுக்காகக் காத்திருந்தால் காதுமடலைத் தடவுவான். சின்ன வயசிலிருந்து அப்படி. வியாகுலம் சரி என்றான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. பூசை முடிந்து வந்து மோட்டார் ரூமில் உட்கார்ந்தார்கள். மாரியப்பன்தான் சீட்டுக் கலக்கிப் போட்டான்.

முதல் ஆட்டத்தில் கொஞ்ச நேரத்திலேயே இன்னாசிராஜின் கை காதுக்குப் போனது. ஒரு சீட்டில் நிற்கிறான் என்று வியாகுலம் எடுத்துக்கொண்டான். எதைப் போட்டாலும் பயமாகிவிட்டது. அவனுக்கு உதவாததைப் போடவேண்டும் என்பதற்காகத் தன் கையில் சேர்ந்திருந்ததையே உடைத்து உடைத்துப் போட்டான். இன்னாசிராஜ் ஆற அமரச் சேர்த்து ஆட்டத்தை முடித்துவிட்டு, விரித்துக் காட்டிச் சிரித்தான். காதைத் தடவியபோது அவன் கையில் ஒன்றுமே சேர்ந்திருக்கவில்லை.

"போன வருசம் திருநாளைக்கு ஊத்திக்கினு நீயே சொன்னதுதாண்ணா. இன்னாசிக்குக் காதுல இருக்குது சூட்சுமம்னு. மறந்துட்டியா?"

இரண்டாவது ஆட்டத்தில் வியாகுலம் மூஞ்சியை நம்பவில்லை. தூண்டில் போட்டான். தனக்கு எட்டு டைமன் வேண்டும். அதைக் கேட்காமல், கையிலிருந்த இரண்டு ஒன்பதில் ஒன்றை, வேண்டாததுபோல் அலட்சியமாக எறிந்தான். இவனுக்கு அந்தப் பக்கம் ஆட்டமில்லை என்று நினைத்து இன்னாசிராஜ் எட்டைப் போட்டான். வியாகுலம் அதை எடுத்து முடித்தான், ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது.

மூன்றாவது ஆட்டத்துக்குச் சீட்டுப் போடும் முன்னால் இன்னாசிராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான். தலையைச் சுற்றி, காதை மூடி, கழுத்தோடு இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துகொண்டான். கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிந்தது.

"என்னாடா இன்னாசி, அத்தன பனியா?" என்றான் மாரியப்பன்.

"ஆமா. எங்கண்ணன் கண்ணுலேருந்து அடிக்கிது."

மூன்று பேரும் சிரித்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

ஆட்டம் நீண்டது. வெயில் ஏறியது. இன்னாசிராஜின் கண் செத்த மீன் கண்போல அசையாமல் இருந்தது. வியாகுலத்துக்கு எல்லாம் சேர்ந்துவிட்டது, கிளாவரில் ஒரு பத்து வந்தால் முடிந்தது. கையில் வேண்டாத சீட்டு இரண்டு. ஏழு இஸ்பேடு ஒன்று, ஆட்டின் என்கிற சிவப்பு இதயத்தில் ஜாக்கி ஒன்று. ஒன்றைப் போட்டாக வேண்டும். இரண்டில் ஒன்றில்தான் தம்பி நிற்கிறான் என்று உள்ளுக்குள் அடித்துச் சொன்னது. எது என்றுதான் தெரியவில்லை. எதிரில் துண்டு மட்டும் உட்கார்ந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் மதலேனம்மாள் கம்மங்கூழ் கொண்டுவந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. மூத்தாருக்கு நேர் வரக்கூடாதென்று சுவரோரமாகச் சுற்றி வந்து, புருசன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவள் கண் புருசன் கையிலிருந்த சீட்டின்மேல் போனது. அவள் அண்ணன்மார் நாலு பேரும் சீட்டுக்காரர்கள். அவளுக்கு ஆட்டம் தெரியும். குழந்தை கையை நீட்டி முக்காட்டைப் பிடித்து இழுத்தது. துணி தோளுக்கு இறங்கியது. ஒரு கையில் சட்டி, ஒரு கையில் குழந்தை, இழுத்துவிட அவளுக்குக் கையில்லை.

வியாகுலம் தலையைக் குனிந்திருக்க வேண்டும். குனியவில்லை.

"ஏழப் போடறதா" என்று முனகினான். துண்டுக்குள் இருந்த கண் அசையவில்லை. அதற்குப் பின்னால் இருந்த முகமும் அசையவில்லை. "இல்ல, ஜாக்கியப் போடறதா."

அவள் மூச்சு நின்றது. குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. கண் மட்டும் சட்டென்று விலகி வரப்பைப் பார்த்தது.

வியாகுலம் ஏழைப் போட்டான். இன்னாசிராஜ் அதைத் தொடாமல் சீட்டுக்கட்டிலிருந்து எடுத்து, எடுத்ததையே போட்டான். அடுத்த சீட்டு வியாகுலத்துக்குக் கிளாவர் பத்து. ஜாக்கியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆட்டத்தை முடித்தான்.

நிமிர்ந்தபோது மதலேனம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முகத்திலிருந்து எதையோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தவள்போல் இருந்தது. கூழ்ச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு முக்காட்டை மூக்குவரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்னாசிராஜ் கவிழ்ந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தான். அவன் கையில் ஆட்டின் பத்தும் ராணியும், நடுவில் ஜாக்கிக்கு இடம் விட்டு நின்றன.

"ஜாக்கிய எப்பிடிண்ணா புடிச்சி வெச்ச?"

"தோணுச்சி" என்றான் வியாகுலம்.

"தோணாது. உனக்கு எதுவும் தோணாது. எதையாச்சும் பாத்திருப்ப."

சொன்னபடி அவன் மோட்டார் ரூம் பக்கம் வரவில்லை. தை பிறப்பதற்குள் அவன் வயலில் இலை சுருண்டது. இன்னாசியம்மாள் சாப்பாட்டை எதிரில் வைத்துவிட்டு, "அந்தப் பக்கம் ஒரு மடை திருப்பி விட்டா நம்ம கொறஞ்சா போயிடுவோம்" என்றாள். வியாகுலம் மாரியப்பனிடம் சொல்லி அனுப்பினான். விளைச்சலில் பாதி தருவதாகவும் சொல்லச் சொன்னான்.

மாரியப்பன் திரும்பி வந்து தலையை ஆட்டினான். "தண்ணியப் பத்தியே பேச மாட்டங்கிறாம்பா. எம் மூஞ்சியில என்னாத்தப் பாத்தான்னு கேட்டுச் சொல்லுங்கறான். வேற பேச்சே இல்ல."

வயல் காய்ந்ததும் இன்னாசிராஜ் தொப்பூருக்குப் போனான். கணவாய் ரோட்டோரம் ஒரு பஞ்சர் கடையில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவான். அங்கே லாரிக்காரர்களோடு ஆடுகிறானாம். நின்ற லாரியின் பக்கக் கண்ணாடியில் தன் மூஞ்சியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறானாம். பார்த்துவிட்டு வந்தவர்கள் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். வியாகுலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தோண்டுகிற கை இப்போதைக்குத் தன் மூஞ்சியைத்தான் தோண்டுகிறது. அதில் ஒன்றும் கிடைக்காமல் போனால் அடுத்த இடத்துக்குப் போகும். அடுத்த இடம் எது என்று வியாகுலத்துக்குத் தெரியும். மாதா சுரூபத்தின்மேல் வைத்த கை நடுங்கியதைத்தான் கேட்டிருக்கிறானே.

கோயிலில் பெண்கள் பக்கம் மதலேனம்மாள் தூணுக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்தாள். சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்க வரும்போதுகூட முக்காடு மூக்குக்குக் கீழே தொங்கியது. யாரும் அதை வித்தியாசமாக நினைக்கவில்லை. பக்தி கூடிவிட்டது என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

மாசி கடைசியில் வியாகுலம் மஞ்சள் வெட்டினான். தவக்காலம், ஊரில் சீட்டாட்டம் கிடையாது. கொப்பரையில் மஞ்சள் வெந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து கிழங்கை உடைத்து மண் தட்டிக்கொண்டிருந்தார்கள். மதலேனம்மாளும் கூலிக்கு வந்திருந்தாள். வேறு வேலை அந்த வருசம் யாரிடமும் இல்லை. குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை. இன்னாசிராஜ் பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே களத்துக்கு வந்தான். இளைத்திருந்தான். கொப்பரைக்குப் பக்கத்தில் குந்தினான்.

"அண்ணா, நல்லா இருக்கியா?"

"வாடா. எப்ப வந்த?"

"தொப்பூர்ல ஒருத்தன விடலண்ணா. ஆந்திராக்காரன், சர்தாரு, கன்னடக்காரன், எல்லா மூஞ்சியும் படிச்சிட்டேன். எம் மூஞ்சியையும் படிச்சிட்டேன். அதுல ஒண்ணுமே இல்ல." குரல் அமைதியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "தண்ணி போச்சி, வயலு போச்சி, அது கெடக்கட்டும். ஜாக்கின்னு எப்பிடித் தெரிஞ்சிது? இத மட்டும் சொல்லிடு. நான் தூங்கணும்."

வியாகுலம் இந்தக் கேள்விக்குப் பதில் தயார் பண்ணி வைத்திருந்தான். இத்தனை நாளும் எண்ணி எண்ணிப் பார்த்து வைத்த பதில். கரண்டியால் கொப்பரையைக் கிளறிக்கொண்டே, பெரிய விஷயமில்லை என்பதுபோலச் சொன்னான்.

"தொண்டதான்டா. ஜாக்கின்னு நான் சொன்னதும் உனக்குத் தொண்டமுடிச்சி ஏறி எறங்கிச்சி. எச்சில் முழுங்கின."

இன்னாசிராஜ் கையைத் தூக்கித் தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டான்.

"கழுத்தோட ரெண்டு சுத்து துண்டு கட்டியிருந்தேனேண்ணா. தொண்ட எங்கேருந்து தெரிஞ்சிது?"

கரண்டி நின்றது. அந்தத் துண்டைப் பார்த்து மூன்று பேரும் சிரித்தார்கள். வியாகுலத்துக்கு மட்டும் அது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று நினைவில்லை. ஜாக்கி என்று சொன்ன அந்த நொடியில் அவன் தம்பியைப் பார்க்கவே இல்லை.

"அப்ப நீ என்னையப் பாக்கல" என்றான் இன்னாசிராஜ்.

வியாகுலம் கொப்பரையைப் பார்த்தான். அடுப்பைப் பார்த்தான். தூரத்தில் இருந்த மாரியப்பனின் வயலைப் பார்த்தான். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்குக் கழுத்தைக் கல்லாக வைத்துக்கொண்டிருந்தான். என்ன செய்கிறோம் என்று அவனுக்கு உறைப்பதற்குள் இன்னாசிராஜ் அதைப் படித்துவிட்டான். அண்ணன் கண் போகாத அந்த ஒரே திசைக்குத் தலையை மெதுவாகத் திருப்பினான்.

"கூழு கொண்டாந்தா இல்ல, அன்னிக்கி" என்றான். தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு எழுந்தான். "மதலேனா. எந்திரி. வூட்டுக்கு வா."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். மஞ்சள் கறை படிந்த கையைக்கூடக் கழுவவில்லை. இரண்டு பேரும் வரப்பில் ஏறி நடந்தார்கள், அவன் முன்னால், அவள் பின்னால்.

வியாகுலம் குந்திய இடத்திலேயே இருந்தான். பின்னால் போனால் தம்பியின் சந்தேகம் உண்மை என்று ஆகிவிடும். போகாவிட்டால் வீட்டில் மாதா சுரூபம் கீழே இறங்கும். இது எந்தச் சீட்டு, எதைப் போட்டால் எது வரும் என்று மனசு பழக்கத்துக்குக் கணக்குப் போட்டது. "என்னாங்க, அடி புடிக்கிது" என்று இன்னாசியம்மாள் கத்தியதும் கரண்டியைப் போட்டுவிட்டு வரப்பை நோக்கி ஓடினான்.

"இன்னாசி, நில்லு. சொல்லிடறேன்." மூச்சு வாங்கியது. "அது ஒண்ணும் பண்ணலடா. ஒரு சாடையும் காட்டல. கொழந்த முக்காட்ட இழுத்துடுச்சி. நான் தலயக் குனியல. அது மூஞ்சியப் பாத்து நான் ஆடிட்டேன். தப்பு எம்மேலதான்."

இன்னாசிராஜ் திரும்பினான். கோபம் வரும் என்று வியாகுலம் எதிர்பார்த்தான். வந்தது கோபமில்லை. பல நாள் சுமந்த மூட்டையை இறக்கியவன் முகம் போல அது தளர்ந்தது.

"அப்ப எம் மூஞ்சி ஒண்ணும் பண்ணல" என்றான். "இத்தன நாளா கண்ணாடியப் பாத்து எம் மூஞ்சியத்தான் காறித் துப்பிட்டு இருந்தேன்." அப்படியே பொண்டாட்டி பக்கம் திரும்பினான். "நீதானா?"

காப்பாற்றப் போட்ட சீட்டு எங்கே போய் விழுந்தது என்று வியாகுலத்துக்கு அப்போது தெரிந்தது.

மதலேனம்மாள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நானுந்தான் என்னையத் திட்டிட்டு இருக்கறேன். அன்னிக்கி ஏன் அந்தப் பக்கம் போனோம்னு." குரல் உயரவில்லை. "கெணத்துத் தண்ணிய சீட்டுல வெச்சது நீங்க ரெண்டு பேரு. எம் மூஞ்சிய அதுல வெக்கச் சொல்லி நான் யாருகிட்டயும் கேக்கல." புருசனைப் பார்த்தாள். "சுரூபத்த எறக்கி வெக்காதீங்க. இந்தத் தடவ நான் கை வெக்க மாட்டேன்."

"எங்கடி போற?"

"எங்கண்ணன் வூட்டுக்கு. வேணும்னா அங்க வந்து கேளுங்க. நாலு பேரு இருப்பாங்க, பதில் சொல்லுவாங்க."

வரப்பை விட்டு இறங்கி, அவர்களுடைய காய்ந்த மஞ்சள் வயலின் குறுக்கே ரோட்டைப் பார்த்து நடந்தாள். சருகு காலில் நொறுங்கியது. குழந்தை மறுபடியும் முக்காட்டைப் பிடித்து இழுத்தது. துணி தோளுக்குச் சரிந்தது. இரண்டு ஆண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கை சும்மாதான் இருந்தது. அவள் அதை இழுத்துவிடவில்லை.

ரோட்டில் ஏறும் முன்னால் ஒருமுறை திரும்பினாள். வியாகுலம் தலையைக் குனிந்துகொண்டான்.